நைட்ரேட் பூஜ்ஜியம் என்ற அறிவுரையும் என் பவளத் தொட்டியும்

என் உப்புநீர்ப் பவளத் தொட்டி ஒருவழியாக நிலைக்கு வந்துவிட்டது. அல்கலினிட்டி (அமிலத்தைத் தாங்கும் நீரின் திறன்) வாரக்கணக்கில் பெரிதாக அசையாமல் நிற்கிறது. பாறைகளில் ஊதா நிறக் கோரலைன் பாசி படர்கிறது. வைத்த பவளங்கள் புதிய முனைகளை விடுகின்றன. ஆனால் இந்த இடத்துக்கு வருவதற்குள் பல மாதங்கள் தேவையற்ற துன்பத்தில் கழிந்தன. உணவும் கழிவும் சிதைவதால் நீரில் சேரும் சத்துகளான நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்ஜியமாக இருந்தால்தான் பவளம் வாழும் என்று கடையில் மிகுந்த உறுதியோடு சொல்லப்பட்ட அறிவுரையே அதற்கு முதன்மைக் காரணம். புதிதாகத் தொட்டி வைப்பவர் எவருக்கும் இதே அறிவுரை இன்றும் கிடைக்கக்கூடும் என்பதால், நடந்ததை விரிவாக எழுதுகிறேன்.

தாங்கியை மட்டம் பார்த்து வைத்தது, குழாய் இணைத்தது, கசிவு சோதித்தது எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. முதல் சிக்கல் உப்பின் அளவில் வந்தது. என்னிடம் விற்கப்பட்ட ரிஃப்ராக்டோமீட்டரை (உப்பளவு காட்டும் கருவியை) ஆர்ஓ நீரின் ஒரு துளியை வைத்துப் பூஜ்ஜியத்துக்குத் திருப்பினால் போதும் என்றார்கள். அப்படிச் செய்த கருவி ஆயிரத்துக்கு 35 பங்கு என்று காட்டிய நீரில், முதலில் விட்ட நத்தைகள் ஓட்டைவிட்டு வெளியே வரவே இல்லை. பிறகு 35 பங்கு என்று உறுதிசெய்யப்பட்ட நிலையளவுக் கரைசலை வாங்கி அதே கருவியில் வைத்துப் பார்த்தபோது அளவுக்கோடு 35-ஐத் தாண்டி நின்றது. அதாவது என் தொட்டியின் நீர் கடல்நீரைவிட நீர்த்தே இருந்திருக்கிறது. இக்கருவிகளில் பல சாதாரண உப்புக் கரைசலுக்காக அளவிடப்பட்டவை. கடல்நீரில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒன்றரைப் பங்கு கூட்டிக் காட்டும். பூஜ்ஜியத்தில் சரிசெய்த கருவி 35-இலும் சரியாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. எந்த இடத்தில் அளக்கப் போகிறோமோ அந்த இடத்தில்தான் கருவியைச் சரிபார்க்க வேண்டும். 25 பாகை செல்சியஸில் அடர்த்தி எண் 1.026 என்பதே நமக்கு வேண்டிய நிலை.

அம்மோனியாவைப் பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றத் தொடங்கும் நைட்ரஜன் சுழற்சிக் கட்டத்திலும் வீண் செலவு ஒன்று நேர்ந்தது. உலர் பாறைகளை வைத்து, அம்மோனியம் குளோரைடு மூலம் அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குக் கொண்டுவந்து, பாக்டீரியாக் கரைசலை ஊற்றிக் காத்திருந்தேன். அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. அந்த நேரத்தில் எடுத்த நைட்ரேட் சோதனையில் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்துக்குப் போய்விட்டது. நீரைக் கடைக்கு எடுத்துச் சென்று காட்டியபோது, அவர்களும் அதையே அளந்துவிட்டு, உடனே பாதி நீரை மாற்றச் சொன்னார்கள். ஒரு பெரிய வாளி உப்பு அதில் போயிற்று. மறுநாள் சோதனையிலும் நிறம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. நைட்ரேட் சோதனைகளில் பெரும்பாலானவை நைட்ரேட்டை முதலில் நைட்ரைட்டாக மாற்றி, அதன் பிறகே நிறத்தை உருவாக்குகின்றன. ஆகையால் நீரில் ஏற்கெனவே நைட்ரைட் இருந்தால் விடை பல மடங்கு பெருத்துக் காட்டும். நைட்ரைட் இறங்கும் வரை நைட்ரேட்டை அளப்பதில் பொருளே இல்லை. நன்னீர் மீன்களுக்கு நைட்ரைட் எவ்வளவு கொடியதோ அந்த அளவுக்குக் கடல் மீன்களுக்குக் கொடியதன்று. கடல்நீரில் நிறைந்திருக்கும் குளோரைடு, செவுள்கள் வழியாக நைட்ரைட் உள்ளே நுழைவதைத் தடுக்கிறது. இதைக் கடையிலேயே ஒருவர் சொல்லியிருந்தால் அந்த வாளி மிஞ்சியிருக்கும்.

சுழற்சி முடிந்ததும் டயட்டம் என்னும் நுண்பாசியின் பழுப்பு நிறப் படலம் வந்தது. அது எல்லாத் தொட்டியிலும் வருவதுதான், சில வாரங்களில் போய்விடும். என் தொட்டியில் போகாமல் நீடித்ததற்கு, ஆர்ஓ நீரில் மிஞ்சும் அயனிகளை நீக்கும் டிஐ ரெசின் காரணமாக இருந்தது. ரெசின் தீரத் தொடங்கும்போது முதலில் நழுவுவது சிலிக்கேட். அது நீரில் பெரும்பாலும் அயனியாகப் பிரியாமல் இருப்பதால், நீரின் மின்கடத்தலைக்கொண்டு கரைந்தவற்றை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும். இரண்டு ரெசின் குடுவைகளை அடுத்தடுத்து வைத்து, முதல் குடுவைக்குப் பின் டிடிஎஸ் ஏறியவுடன் அதை மாற்றிவிடுவதே நம்பகமான வழி. அதன் பிறகு டயட்டம் அடங்கியது.

உண்மையான தொல்லை அதற்குப் பிறகே தொடங்கியது. பாறைகளில் பச்சை இழைப் பாசி சிறிது தலைகாட்டியது. கடையில் கேட்டபோது, பாஸ்பேட் இருப்பதால்தான் பாசி வருகிறது, பாஸ்பேட்டை ஈர்க்கும் இரும்பு ஆக்சைடுத் துகள்களை உருளைக் கலனில் இட்டு ஓடவிடுங்கள், நுரையால் கழிவை அகற்றும் ஸ்கிம்மரை முழு வேகத்தில் வையுங்கள், உணவைக் குறையுங்கள் என்று வரிசையாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் செய்தேன். நைட்ரேட், பாஸ்பேட் இரண்டும் பூஜ்ஜியத்தைத் தொட்டன; பச்சைப் பாசி மறைந்தது; கடைக்காரர் மகிழ்ந்தார். அதன் பின் சில நாட்களுக்குள், மணலின் மீதும் பாறைகளின் மீதும் பழுப்பு நிறச் சளி படிந்தது. அதில் நூல்போல் இழைகள் தொங்கின. ஒவ்வோர் இழையின் நுனியிலும் காற்றுக்குமிழி ஒட்டியிருந்தது. பகலில் தடித்து, விளக்கு அணைந்த பின் மெலிந்து, மறுநாள் நண்பகலுக்குள் மீண்டும் தடித்துவிடும். அதை மேய்ந்த நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக மணலில் விழுந்து இறந்தன.

கடையில் அதை டயட்டம் என்றார்கள், இன்னொரு முறை ஸயனோபாக்டீரியா என்றார்கள், அதற்கு மருந்தும் விற்க முன்வந்தார்கள். அது டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ என்னும் ஒற்றைச் செல் உயிரி. உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று இருக்கிறது. சளியைத் தொட்டி நீரோடு ஒரு சிறு குடுவையில் எடுத்து நன்றாகக் குலுக்கி, காபி வடிகட்டும் தாளில் வடித்து, வடிந்த நீரை விளக்கடியில் வைக்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அது மறுபடியும் ஒன்றுகூடி இழையாகத் திரண்டால் ஐயம் தேவையில்லை. ஆனால் அதோடு நில்லாமல், சாதாரண மாணவர் நுண்ணோக்கியிலாவது பார்த்துவிட வேண்டும், ஏனெனில் எந்த வகை என்பதைப் பொறுத்தே மருத்துவம் மாறுகிறது. என் தொட்டியில் இருந்தது ஆஸ்ட்ரியோப்சிஸ்: ஒரு முனை கூர்ந்த துளி வடிவம், கூரிய முனையை ஓரிடத்தில் கட்டிப்போட்டதுபோல் அதையே சுற்றிச் சுழலும் அசைவு. இவ்வகை இரவில் நீரில் மிதந்து எழுவதால் புற ஊதா விளக்குக்கு அகப்படும். மணலைவிட்டு எழாத ஆம்ஃபிடினியம் வகைக்கு அந்த விளக்கை வாங்குவது வீண். அவ்வகை வந்த தொட்டிக்காரர்கள் பலர் சிலிக்கேட்டை அளவோடு சேர்த்து, டயட்டத்தை வளர்த்து, அதைக்கொண்டே இடத்தைப் பிடிக்கச் செய்கிறார்கள்.

சத்துகள் பூஜ்ஜியமாகும்போது பாறையில் குடியேற வேண்டிய பாக்டீரியாக்களும் பாசிகளும் பட்டினியில் ஒடுங்குகின்றன. அவை விட்ட இடத்தை, வறுமையிலும் பிழைக்கத் தெரிந்த டைனோ எடுத்துக்கொள்கிறது. உலர் பாறையில் தொடங்கிய தொட்டிகளில் உயிரினப் பன்மை தொடக்கத்திலேயே குறைவு என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எனவே இரும்பு ஆக்சைடுக் கலனை முற்றிலும் கழற்றினேன். சோடியம் நைட்ரேட் கரைசலைச் சேர்த்து நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம் வரையிலும், பாஸ்பேட் கரைசலைச் சேர்த்து பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் வரையிலும் நிறுத்த முயன்றேன். நைட்ரேட் எளிதில் நின்றது. பாஸ்பேட்டோ மாலையில் சேர்த்தால் காலையில் காணாமல் போய்விடும். கால்சியம் கார்பனேட் பாறை அதை உறிஞ்சிக்கொள்கிறது. பாறை நிறையும் வரை பொறுமையாகச் சேர்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது தெரியாமல் பலர் இந்தக் கட்டத்தில் கைவிடுகிறார்கள். தொட்டியின் கொள்ளளவுக்குப் போதுமான திறனுள்ள புற ஊதா விளக்கைச் சம்ப் (கீழே உள்ள துணைத்தொட்டி) வழியாக அல்லாமல் நேரடியாகக் காட்சித் தொட்டி நீரை இழுத்து விடும்படி பொருத்தினேன். நீர் மாற்றத்தை நிறுத்தினேன், ஏனெனில் புது நீர் சத்தின் அளவை மீண்டும் இறக்கிவிடும். படலம் மெலிந்தது, பச்சைப் பாசி திரும்பி வந்தது. அந்தப் பச்சையைக் கண்டபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது.

இந்தச் சளியைக் கையாளும்போது கையுறை அணியுங்கள். ஆஸ்ட்ரியோப்சிஸ் இனங்கள் பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சை ஒத்த நஞ்சை உண்டாக்குபவை. பாலிடாக்சின் சில ஸோவாந்திட் பவளங்களிலும் இருக்கிறது. ஆகவே அவை ஒட்டிய பாறையைக் கொதிநீரில் போடுவதோ, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பதோ கூடவே கூடாது. ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பமே மருத்துவமனைக்குச் சென்ற நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

டைனோ ஒழிந்த பின் அல்கலினிட்டியை நிறுத்துவதில் ஒரே ஒரு தடை இருந்தது. நான் வாங்கிய உப்பைக் கலந்த நீர் 11 டிகேஹெச் (அல்கலினிட்டியின் அலகு) காட்டியது. தொட்டி 8-இல் நின்றது. ஒவ்வொரு பெரிய நீர் மாற்றத்துக்குப் பின்னும் அளவு துள்ளியதால் கிளைப் பவளங்களின் முனைகள் வெளுத்தன. 8-ஐ ஒட்டிக் கலக்கும் உப்புக்கு மாறி, சிறிது சிறிதாக நீர் மாற்றியதும் அது தீர்ந்தது. உப்பு வாங்குமுன் உறையில் அல்கலினிட்டி எவ்வளவு என்று பாருங்கள்; புது வாளி திறந்தால் கலந்து அளந்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள்.

மீன்களைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றையும் தனித்தொட்டியில் வைத்துக் கவனித்த பின்பே சேர்த்தேன், வெண்புள்ளி நோய் வரவில்லை. இப்போது கால்சியம் 420, மெக்னீசியம் 1,300, நைட்ரேட் 8, பாஸ்பேட் 0.07 பிபிஎம் என்று நிற்கின்றன. அல்கலினிட்டியை மட்டும் அடிக்கடி அளக்கிறேன், மற்றவற்றை வாரம் ஒருமுறை. பாஸ்பேட்டை நிறம் பார்த்து ஒப்பிடும் அட்டையில் அளப்பதை விட்டுவிட்டு டிஜிட்டல் கலரிமீட்டர் ஒன்றை வாங்கிவிட்டேன், 0.02-க்கும் 0.07-க்கும் உள்ள வேறுபாடு அட்டையில் தெரிவதில்லை, தொட்டியிலோ அந்த வேறுபாடுதான் டைனோவுக்குக் கதவைத் திறக்கிறது.