பழைய யூவி ஃபில்டரில் சூரியத் தாள்

2019 டிசம்பர் 26 வளைய சூரிய கிரகணம் எங்கள் திண்டுக்கல் வழியாகவே போகிறது என்று தெரிந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கேமராவுக்கு 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தது, சூரிய ஃபில்டர் இல்லை. சூரிய வெளிச்சத்தை வடிகட்டும் பாடர் ஆஸ்ட்ரோசோலார் தாள் ஒன்று வாங்கினேன். அடர்த்தி எண் 5, அதாவது லட்சத்தில் ஒரு பங்கு வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும்.

வழக்கமாக அட்டையில் மூடி செய்து லென்ஸ் முனையில் மாட்டுவார்கள். மொட்டைமாடிக் காற்றில் அது கழன்று விழும்போது வியூஃபைண்டரில் (கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) கண் இருந்தால் பார்வையே போய்விடும். எனக்கு மரையில் திருகி மாட்டுகிற ஃபில்டர்தான் வேண்டும். கீறல் விழுந்து சும்மா கிடந்த 67 மி.மீ. யூவி ஃபில்டரை, அதாவது லென்ஸ் முனையில் திருகி மாட்டும் புற ஊதாக் கதிர் வடிகட்டிக் கண்ணாடியை, எடுத்தேன். கண்ணாடியைப் பிடித்திருக்கும் உள்வளையத்தில் எதிரெதிரே இரண்டு சின்னப் பள்ளங்கள் இருந்தன. ஜியாமெட்ரி பாக்ஸ் டிவைடரின் இரு முனைகளையும் அவற்றில் வைத்து இடப்பக்கம் திருகியதும் கழன்று வந்தது. சில ஃபில்டர்களில் இந்த வளையமே இருக்காது.

சிக்கல் அதற்கப்புறம்தான். தாளை வட்டமாக வெட்டி உள்ளே போட்டு வளையத்தைத் திருகினால், தாளும் கூடவே சுற்றி முறுக்கிக்கொண்டது. இருட்டறையில் செல்போன் டார்ச்சைப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெளிச்சப் புள்ளி. அந்தத் துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டேன். ஒரே ஓட்டைதானே என்று தயவுசெய்து யாரும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

மறுபடியும் வெட்டினேன். இந்த முறை கறுப்பு சார்ட் பேப்பரில் இரண்டு வளையங்கள், நடுவில் தாள், டபுள் சைடு டேப். இப்போது திருகியபோது வளையம் அட்டைமேல் வழுக்கிக்கொண்டு போனது, தாள் அசையவில்லை. தாளை விறைப்பாக இழுத்து ஒட்டாமல் லேசான சுருக்கத்தோடு தொளதொளவென்று விட்டேன். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் இழுத்து ஒட்டினால்தான் படம் கெடும்.

கிரகணத்தன்று காலை டிரைபாட், லைவ் வியூ (கேமராவின் பின்திரையிலேயே காட்சியைப் பார்ப்பது). ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, சூரியனின் விளிம்பைத் திரையில் பெரிதாக்கிக் கையால் ஃபோகஸ் செய்தேன். ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/500 நொடியில் தொடங்கிக் கூட்டியும் குறைத்தும் எடுத்தேன். ஒன்பதரை மணி வாக்கில் வளையம் முழுசாகச் சேர்ந்தது. இந்தத் தாளில் ஆரஞ்சு நிறம் வராது, வெள்ளைதான். திரையை எட்டிப் பார்த்த அம்மா, "வெள்ளி வளவி மாதிரியே இருக்குடா" என்றார்.

2020 ஜூன் 21 பகுதி கிரகணத்துக்கும் அதே ஃபில்டர்தான், மறுபடி டார்ச் அடித்துப் பார்த்த பிறகு.