குளிர்ந்த எஞ்சினும் சைலன்சர் புகையும்: பழைய கார் பார்த்த அனுபவம்

பழைய கார் பார்க்கப் போகிறவர், எஞ்சின் முழுவதும் குளிர்ந்திருக்கும்போது முதல் ஸ்டார்ட்டை நேரில் பார்க்க வேண்டும். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். மார்த்தாண்டத்தில் நான் பார்த்த முதல் வண்டியின் பானட், நாங்கள் போகும்போதே சுட்டது. வெயிலில் நின்றதால் என்றார் விற்பவர்; வண்டி நின்றதோ ஷெட்டுக்குள். உடன் வந்த மைத்துனர், தக்கலையில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர், "ராத்திரி ஸ்டார்ட் பண்ணாம விட்டிருங்க அண்ணாச்சி, காலைல வாறோம்" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை சாவியைத் திருப்பியதும் நீலப் புகை ஒரு முறை எழுந்து, சற்று நேரத்தில் மறைந்தது. எஞ்சின் ஆயில் எரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். ஆனால் எந்த வழியாகக் கசிகிறது என்று தெரிந்தால்தான் செலவைக் கணக்கிட முடியும். ஆகவே குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை போகும் சாலையில் ஓர் இறக்கத்தில், கியரை மாற்றாமல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கி, கீழே வந்ததும் அழுத்தி மிதித்தேன். பின்னால் பைக்கில் வந்த மைத்துனர் மீண்டும் நீலப் புகையைக் கண்டார். அப்படி வந்தால் பெரும்பாலும் வால்வு சீல், அதாவது வால்வு வழியாக ஆயில் உள்ளே இறங்காமல் தடுக்கும் ரப்பர், தேய்ந்திருக்கும். ஏற்றத்தில் இழுக்கும்போது விடாமல் வந்தால், பிஸ்டனைச் சுற்றி ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையமான பிஸ்டன் ரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். எதுவானாலும் எஞ்சினைப் பிரிக்கும் வேலை என்பதால் அந்த வண்டியை விட்டுவிட்டோம்.

வெள்ளைப் புகைக்கு உடனே பயப்பட வேண்டியதில்லை. மழைக்காலக் காலையில் குழாயில் தங்கிய நீர் ஆவியாக வந்து, எஞ்சின் சூடேறியதும் நின்றுவிடும். நிற்காமல், இனிப்பு கலந்த வாடையோடு வந்து, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்டும் குறைந்துகொண்டே போனால், எஞ்சின் ஹெட்டுக்கு அடியில் கசிவை அடைக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். பெட்ரோல் வண்டியில் கரும்புகை வந்தால், எரிபொருள் தேவைக்கு மேல் போகிறது என்று பொருள்.

அடுத்துப் பார்த்தது குளச்சல் பக்கம் ஓடிய 2018ஆம் ஆண்டு பெட்ரோல் வண்டி. சைலன்சர் பாக்ஸில் மட்டும் புதிதாகக் கருப்புப் பெயின்ட் அடித்திருந்தது எங்களுக்கு உறுத்தியது. அடியில் நின்று பார்க்கும் பள்ளமான பிட்டின் மேல் ஏற்றி, ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டியபோது, தையல் ஓரத்தில் பெயின்ட்டோடு துரு உதிர்ந்து ஓட்டை தெரிந்தது. உப்புக் காற்று வெளியிலிருந்தும், குறுகிய ஓட்டத்தில் ஆவியாகாமல் தங்கும் நீர் உள்ளிருந்தும் தகட்டைத் தின்றிருந்தன. ஈரத்துணியால் குழாய் முனையைச் சற்று நேரம் அடைத்தபோது அந்த ஓட்டையில் மட்டுமே சீறல் கேட்டது. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மேனிஃபோல்டு பக்கம், கசிவைக் காட்டும் டிக் டிக் சத்தம் இல்லை. புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தட்டியபோது, உடைந்தது போல உள்ளே எதுவும் குலுங்கவில்லை. புகையில் நிறமும் இல்லை. கெட்டது சைலன்சர் மட்டும் என்பதால், அதை மாற்றும் செலவைக் கழித்து விலை பேசினோம்.

புகைச் சோதனையை சைலன்சர் மாற்றிய பிறகே எடுக்கச் சொன்னார் மைத்துனர். ஓட்டை வழியாக வெளிக்காற்று கலந்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இந்த வண்டியைப் போல பிஎஸ் 4 என்ற மாசு விதிக்குட்பட்ட பெட்ரோல் காருக்கு, ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதமும், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மும் (பத்து லட்சத்தில் 200 பங்கு) வரம்பு. முன்பணம் கொடுக்கும்போதே, மாற்றிய பின் இந்த வரம்புக்குள் வந்தால் மட்டுமே மீதித் தொகை என்று பேசியிருந்தோம், வந்தது, கொடுத்தோம்.