மணவாளக்குறிச்சிக் கருமணலும் நிலக்கரித் தூளும்

இன்று காலை மணவாளக்குறிச்சி கடப்புறத்தில் அலை இறங்கியதும் மணலில் ஒரு கறுப்புக் கோடு.

யாரும் பிரித்து வைத்ததல்ல. கறுப்பாகத் தெரிவது இல்மனைட் என்ற கனிமம். அதன் அடர்த்தி தண்ணீரைப்போல 4.7 மடங்கு, வெள்ளை மணல் 2.65. கனமானது தங்கிவிட்டது, லேசானதைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

நிலக்கரியிலிருந்து கந்தகத்தைப் பிரிப்பதும் ஏறக்குறைய இதே கணக்குதான். கரியில் கலந்திருக்கும், பொன்போல மின்னும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமத்தின் அடர்த்தி 5, நல்ல கரி 1.3தான். அந்தப் பைரைட்டின் எடையில் பாதிக்கு மேல் கந்தகம்.

பிறகு என்ன கஷ்டம்? தூள்.

0.15 மி.மீ.க்குக் கீழே போனால் கனம், லேசு என்ற வித்தியாசம் மங்கிவிடும். சொளவில் நெல்லைப் புடைக்கலாம், மாவைப் புடைக்க முடியுமா?

அதனால்தான் நுரை மிதப்பு முறை. கலவையில் 5 முதல் 10 சதவீதம் கரித்தூள், டன் கரிக்கு அரை முதல் ஒரு கிலோ டீசல், நுரை எழுப்பக் கொஞ்சம் நுரைப்பான். கரி காற்றுக் குமிழியில் ஒட்டி மேலே வரும்.

பைரைட் அடியில் தங்க வேண்டும். முழுசாகத் தங்காது. கரியோடு ஒட்டிய துணுக்கும், நுரைத் தண்ணீரில் அகப்பட்ட பொடியும் கூடவே ஏறிவிடும். டீசலைக் கூட்டினால் இன்னும் மோசம்.

இதற்கு அழகான வழி இரண்டாம் சுற்று. மிதந்து வந்த கரியை மறுபடி தண்ணீரில் கலக்கி, டெக்ஸ்ட்ரின் என்ற மாவுப்பொருளைப் போட்டுக் கரியை மிதக்காமல் அடக்கி, சாந்தேட் என்ற வேதிப்பொருளைச் சேர்த்துப் பைரைட்டை மட்டும் மிதக்கவிடுவது.

அஸ்ஸாம் கரிக்கு இதுவும் போதாது. அங்கே கந்தகத்தில் பெரும்பங்கு கரியின் மூலக்கூறிலேயே பிணைந்திருக்கிறது. எவ்வளவு அரைத்தாலும் பிரியாது.

ஆலை போடுமுன் பைரைட் கந்தகம் எவ்வளவு, கரி மூலக்கூறில் பிணைந்த கரிமக் கந்தகம் எவ்வளவு என்று தனித்தனியாக அளந்துவிட வேண்டும்.