குளிருக்கு முன்னாடி பறவைங்களுக்கு தீனி வச்சேன், இதுவரைக்கும் யார் யார் வந்திருக்காங்க

கனடாவோட ஒன்டாரியோவுல அக்டோபர் பாதி தாண்டினாலே காலைல புல்லு மேல உறைபனி படிய ஆரம்பிச்சிடும், பூச்சி புழு எல்லாம் காணாம போயிடும், அதனால பனி கொட்டுறதுக்கு முன்னாடியே ஃபீடர், அதாவது பறவைக்கு தீனி போட்டு வைக்குற கூடு, மாட்டிடணும்னு இந்த வருஷம் இறங்கிட்டேன். இப்பவே வச்சாதான் குளிர் முழுக்க இங்கயே கிடக்குற பறவைங்க தினமும் சுத்துற ரவுண்டுல நம்ம வீட்டையும் சேத்துக்கும். தீனி வச்சா வலசை போறது போகாம நின்னுடுமேன்னு கேக்குறாங்க, அப்படி ஆகாதுங்க, பகல் பொழுது குறையுறத வச்சே அதுக்கு கிளம்புற நேரம் தெரிஞ்சிடும்.

தீனி விஷயத்துல பல தானியம் கலந்த மலிவு மூட்டை பக்கமே போகல. அதுல செஞ்சோளத்த போட்டு நிரப்பியிருப்பாங்க, இந்தப் பக்கத்து தோட்டப் பறவை பெரும்பாலும் அத அலகால ஒதுக்கி கீழ தள்ளிட்டு சூரியகாந்தி விதையத்தான் தேடும், கீழ குவியுறதுக்கு எலி வரும். நான் போட்டது முழு கருப்பா சின்னதா இருக்குமே அந்த எண்ணெய் சூரியகாந்தி விதை மட்டும். தோல் மெலிசு, கொழுப்பு ஜாஸ்தி.

மாட்டின கொஞ்ச நேரத்துலயே சிக்கடீங்கிற குட்டிப் பறவை வந்துடுச்சு. கருப்பு தொப்பி, வெள்ளை கன்னம், மொத்த எடையே 12 கிராம் கிட்டதான். ஃபீடர்ல உக்காந்து சாப்பிடாது, ஒரே ஒரு விதைய கவ்விட்டு பக்கத்து கிளைக்கு போய் ரெண்டு காலுக்கும் நடுவுல அழுத்தி பிடிச்சுட்டு அலகால டொக் டொக்னு கொத்தி பருப்ப எடுக்குது. சில விதைய தின்னாம மரப்பட்டை இடுக்குல சொருகிட்டு போகுது, பின்னாடி ஞாபகம் வச்சு வந்து எடுத்துக்கும். கடுங்குளிர் ராத்திரில உடம்பு சூட்டையே வழக்கத்த விட 10 டிகிரி வரைக்கும் குறைச்சு தாக்குப்பிடிக்குற ஜீவன், அதுக்கு சாயங்காலம் கிடைக்குற நாலு விதை எவ்ளோ பெருசுன்னு நினைச்சா மனசு நிறைஞ்சு போகுது.

நவம்பர்ல வடக்குல இருந்து ஜங்கோங்கிற சின்னப் பறவை இறங்கிடுச்சு, சாம்பல் உடம்பு வெள்ளை வயிறு, பறக்கும்போது வால் ஓரத்துல வெள்ளை பளிச்னு தெரியும், அது தரைலதான் மேயும், அதனால கீழ ஒரு தட்டுலயும் கொஞ்சம் போடுறேன். கார்டினல் ஜோடி விடிகாலைலயும் இருட்டுற நேரத்துலயும்தான் வருது, அந்த சிவப்ப பாத்தா அன்னிக்கு வேற எதுவும் வேணாம்.

அணிலுக்கு தனி ஏற்பாடு. இங்க சாம்பல் அணில் பூனைக்குட்டி சைசுல இருக்கும், அதனால ஃபீடர் மாட்டின கம்பத்த மரம் வேலி எல்லாத்துல இருந்தும் 10 அடி தள்ளி நட்டு நடுவுல தகர புனல் மாட்டிட்டேன், அதுக்கு மேல ஏற முடியல. பறவைங்க கண்ணாடில மோதி சாகுறதுதான் என் பெரிய கவலை, ஜன்னல்ல வெளிப்பக்கமா 5 சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி ஒட்டியாச்சு, ஜன்னலோட ஒட்டி வைக்குற சின்ன ஃபீடர் ஒரு மீட்டருக்குள்ளதான் இருக்கு, அவ்ளோ கிட்ட இருந்தா கிளம்புற வேகத்துல மோதினாலும் பெரிய அடி படாது. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவ ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணி கலந்து கழுவி நல்லா காய வச்சுதான் மறுபடி மாட்டுறது, இதுல சோம்பல் படவே கூடாது, ஃபின்ச்ங்கிற சின்னப் பறவைக்கு கண்ணு வீங்குற நோய் அழுக்கு ஃபீடர்லதான் பரவுது.

வர்றத எண்ணி ப்ராஜெக்ட் ஃபீடர்வாட்ச்சுக்கு அனுப்புறேன், 1976ல இதே ஒன்டாரியோவுல ஆரம்பிச்ச கணக்கெடுப்பு அது, நவம்பர் 1ல இருந்து ஏப்ரல் 30 வரைக்கும் நடக்கும். தண்ணி உறையாம இருக்க ஹீட்டர் வச்ச கிண்ணமும் ஆர்டர் போட்டாச்சு. மாட்டுக்கொழுப்பு கட்டிக்கு மட்டும் மரங்கொத்தி இன்னும் வரல, அத வச்ச கூண்ட மேப்பிள் அடிமரத்தோட சேத்து கட்டியிருக்கேன், வந்ததும் எழுதுறேன்.