இடைநிலை உலோக உப்புகளுக்குப் பெயர் சொல்லப் பழகிய அனுபவம்

சென்னையில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் ஸ்டோர் பொறுப்பு ஏற்றதும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, அலமாரியில் இருப்பதையும் பதிவேட்டில் இருப்பதையும் ஒத்துப் பார்ப்பது. பழைய பாட்டில்களில் இரும்பு உப்பென்றால் பெர்ரஸ், பெர்ரிக் என்றும், தாமிர உப்பென்றால் குப்ரஸ் என்றும் இருக்கும். புதிதாக வாங்கியவற்றில் அயர்ன்(2), அயர்ன்(3) என்று அடைப்புக்குறிக்குள் ரோமன் எண் இருக்கும். அந்த எண், உப்பில் உலோகத்தின் ஓர் அணுவுக்குக் கணக்கிடும் பிளஸ் மின்னூட்டம்; ஆக்சிஜனேற்ற எண் என்பார்கள். (இங்கே வசதிக்காகச் சாதாரண எண்ணே போடுகிறேன்.)

பெர்ரஸ் என்றால் 2, பெர்ரிக் என்றால் 3. சரி என்று அதையே பிடித்துக்கொண்டு தாமிரத்துக்குப் போனால், குப்ரஸ் 1, குப்ரிக் 2. அந்தப் பழைய பெயர்கள் எது குறைவு, எது கூடுதல் என்று மட்டும்தான் சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. ஜெர்மன் வேதியியலாளர் ஆல்ஃபிரட் ஸ்டாக் 1919-ல் முன்வைத்த முறைதான் எண்ணைப் பெயருக்குள்ளேயே கொண்டுவந்தது. ஸ்டோரில் வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய உபகாரம்.

எண்ணைக் கண்டுபிடிக்கச் சொல்லித் தந்தவர் எங்கள் சீனியர் லேப் அசிஸ்டென்ட் அண்ணன். "உலோகத்தை அப்புறம் பார்க்கலாம் தம்பி. கூட நிக்கிறவன் எவ்வளவு மைனஸ் கொண்டு வர்றான்னு முதல்ல பாரு" என்பார். பெர்ரிக் சல்பேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரும்பு, மூன்று சல்பேட். சல்பேட் ஒன்றுக்கு மைனஸ் 2, ஆக மொத்தம் மைனஸ் 6. அதைச் சரிக்கட்ட இரண்டு இரும்பும் சேர்ந்து பிளஸ் 6 தர வேண்டும், ஆளுக்கு 3. எனவே அயர்ன்(3) சல்பேட். அடைப்புக்குறிக்குள் இருப்பது அணுக்களின் எண்ணிக்கை இல்லை, ஓர் அணுவின் ஆக்சிஜனேற்ற எண். மாணவர்கள் தடுமாறுவது இங்கேதான். குப்ரஸ் ஆக்சைடில் தாமிர அணு இரண்டு. பெயரோ காப்பர்(1) ஆக்சைடு. பெரும்பாலும் ஒரே எண்ணில்தான் வரும் என்பதால் துத்தநாகத்துக்கும் வெள்ளிக்கும் வழக்கமாக எண் போடுவதில்லை.

பாதரசத்தில் மட்டும் எண்ணை இரண்டு முறை படிப்பேன். மெர்குரி(1) குளோரைடு தண்ணீரில் அநேகமாகக் கரையாது. மெர்குரி(2) குளோரைடு கரையும், கொடிய விஷம். நாட்டு மருந்தில் முன்னதைப் பூரம் என்றும் பின்னதை வீரம் என்றும் பிரித்தே வைத்திருந்தார்கள்.

லேபிள் சரியாக இருந்தால் மட்டும் போதாது. பெர்ரஸ் சல்பேட் பாட்டில் ஒன்றைத் திறந்தபோது, வெளிர் பச்சையாக இருக்க வேண்டிய படிகங்களின் மேல் பழுப்புப் பூச்சு படிந்திருந்தது. ஈரக்காற்று பட்டு மேலே கொஞ்சம் அயர்ன்(3) ஆகிவிட்டது. சென்னை ஈரப்பதத்தில் மூடி தளர்ந்த பாட்டில் தாங்காது. பெர்மாங்கனேட் டைட்ரேஷனுக்கு (கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து அளவு காணும் சோதனை) மோர் உப்பை, அதாவது பெர்ரஸ் அமோனியம் சல்பேட்டைத் தேடுவது இதனால்தான். அதிலும் இரும்பு(2)தான், ஆனால் காற்றுக்கு அவ்வளவு சீக்கிரம் மாறாது.

அந்தப் பெர்மாங்கனேட்டுக்கும் கணக்கு உண்டு. நான்கு ஆக்சிஜன் மைனஸ் 8, பொட்டாசியம் பிளஸ் 1, ஆக மாங்கனீசு பிளஸ் 7. ஆனால் உலோகம் எதிரயனிக்குள் (மைனஸ் கொண்டு வரும் பகுதிக்குள்) இருப்பதால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் என்றே எழுதுகிறோம். இப்போது புது லேபிள் ஒட்டும்போது இரும்பு, தாமிரம், பாதரச உப்புகளுக்கு இரண்டு பெயரையும் எழுதிவிடுகிறேன்: மேலே எண் போட்டது, கீழே பழையது.