முந்நூறு லிட்டர்: ஒரு கல்பவளத் தொட்டியின் நாட்குறிப்பு

3 மார்ச் 2024, ஞாயிறு, சிங்கப்பூர்

காலை 9 மணி. உப்பு 35 பிபிடி (ஆயிரத்தில் 35 பங்கு), வெப்பம் 25.6, ஆல்கலினிட்டி (பவளம் எலும்புக்கூடு கட்ட எடுக்கும் கார்பனேட் வகை உப்புகளின் அளவு; அலகு டிகேஎச்) 8.3 டிகேஎச், கால்சியம் 430, மெக்னீசியம் 1320, நைட்ரேட் 5, பாஸ்பேட் 0.06 (இவை பிபிஎம், பத்து லட்சத்தில் இத்தனை பங்கு). சம்ப்பையும் (வடிகட்டிகள் இருக்கும் கீழ்த்தொட்டி) சேர்த்து ஓடும் நீர் 300 லிட்டர்.

இப்போதுள்ள பவளங்கள் ஒரு நாளைக்கு 1 டிகேஎச் தின்கின்றன. 100 லிட்டரில் 1 டிகேஎச் ஏற்ற 3 கிராம் ஆப்ப சோடா வேண்டும்; ஆக நாளொன்றுக்கு 9 கிராம். லிட்டருக்கு 80 கிராம் கரைத்த புட்டியிலிருந்து 112 மில்லி, அளந்து சொட்டும் பம்பு வழியாக. கால்சியத்துக்குத் தனிப் புட்டி: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட், லிட்டருக்கு 70 கிராம், அதுவும் 112 மில்லி. பவளத்தின் எலும்புக்கூடு கால்சியம் கார்பனேட் என்பதால் 1 டிகேஎச் குறையும்போது கூடவே சுமார் 7 பிபிஎம் கால்சியமும் குறையும். அதனால்தான் இரண்டு புட்டியும் சமமாக இறங்குகிற மாதிரி கரைசலைக் கலக்குவது. இரண்டு குழாயும் ஒரே இடத்தில் சொட்டக்கூடாது. சுண்ணாம்பாகத் திரிந்து, தண்ணீரைத் தொட்டிக்குத் திருப்பி ஏற்றும் ரிட்டர்ன் பம்பில் ஒட்டிக்கொள்ளும்.

ஆப்ப சோடா வேறு, பேக்கிங் பவுடர் வேறு. பவுடரில் அமில உப்பும் மாவும் கலந்திருக்கும். அதைத் தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம்.

6 மார்ச், புதன்

புது அக்ரோபோரா (கிளை கிளையாக வளரும் கல்பவளம்) துண்டு, 4 செ.மீ. மேல்பக்கம் நல்ல பச்சை. கீழே, வெளிச்சம் படாத பக்கத்தில், மிளகு அளவில் வெளிறிய வட்ட வட்டத் தழும்புகள். தட்டைப்புழு கடித்தால் இப்படித்தான் இருக்கும்.

நேரே தனிமைத் தொட்டிக்கு. வாளியில் தொட்டித் தண்ணீர், பவளக் குளியல் திரவம் புட்டியில் போட்ட அளவு, 10 நிமிடம். சும்மா ஊறவைத்தால் புழு பிடியை விடாது. பேஸ்டரால் (ரப்பர் குமிழ் வைத்த பீய்ச்சுகுழல்) கிளைக்கிடையே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு விழுந்தன. பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கிளையில் இருந்தவரை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வெள்ளை வாளியின் அடியில்தான் தெரிந்தன.

முட்டையை எந்தக் குளியலும் கொல்லாது. துண்டு ஒட்டியிருந்த பிளக்கின் (சிறு அடித்தட்டு) ஓரத்தில், தசை செத்த இடத்தில், பழுப்புப் பொட்டுகள் வரிசையாக. அந்த அடிப்பகுதியைப் பிளக்கோடு வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத் துண்டைச் சூப்பர் குளூ ஜெல்லால் புது பிளக்கில் ஒட்டியாயிற்று. முட்டை பொரிய வெப்பத்தைப் பொறுத்து இரண்டு மூன்று வாரம் ஆகலாம். ஆகவே வாரம் ஒரு குளியல், மொத்தம் ஆறு.

10 மார்ச், ஞாயிறு

ஆல்கலினிட்டி 7.1. ஒரு வாரத்தில் 1.2 போயிருக்கிறது. பார்த்ததும் சோடாவை அள்ளத்தான் கை போகும். முதலில் வேறொரு கிட்டில் இன்னொரு முறை: 7.0. ஆக, சோதனையில் பிழை இல்லை.

அடுத்து புட்டி. ஏழு நாளில் 784 மில்லி இறங்கியிருக்க வேண்டும். சோடாப் புட்டியில் 640 தான் இறங்கியிருக்கிறது. கால்சியம் புட்டி சரியான கோட்டில் நிற்கிறது. பவளம் அதிகமாகத் தின்னவில்லை, பம்புதான் குறைவாகக் கொடுத்திருக்கிறது. அளவுக் குடுவையில் பிடித்துப் பார்த்தால், 10 மில்லி கேட்டதற்கு 8.2. உருளை நசுக்கி நசுக்கி, பம்பின் தலைக்குள் இருக்கும் குழாய் தட்டையாகிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, மோட்டார் சத்தமும் மாறாது. புட்டிமேல் மார்க்கர் பேனாவால் போட்ட கோடுதான் காட்டிக்கொடுத்தது. விலை கூடிய கன்ட்ரோலரைவிட அந்தக் கோட்டுக்கு மதிப்பு அதிகம்.

குழாய் மாற்றி, கரைசல் நிரம்பிய நிலையில், புட்டி வழக்கமாக இருக்கும் உயரத்திலேயே வைத்து மறுபடி அளவு சரிசெய்தது. வெறும் குழாயோடு அளந்தால் முதல் சில மில்லி காற்றாகப் போய்க் கணக்கைக் கெடுக்கும்.

300 லிட்டரில் 1.2 ஏற்ற 10.8 கிராம் சோடா. ஒரே நாளில் வேண்டாம். மூன்று நாள், நாளுக்கு 45 மில்லி கூடுதலாக, காலை மாலை எனப் பிரித்து. குறைந்ததைவிட, குறைந்ததை ஒரே மூச்சில் தூக்கியதால் தசை உரிந்த அக்ரோபோராக்களே அதிகம்.

13 மார்ச், புதன்

மூன்று நாளில் ஆல்கலினிட்டி 7.5, 7.8, 8.2. இரண்டாம் குளியலில் புழு ஒன்று.

மான்கொம்பு அக்ரோபோராவின் அடியில் வெள்ளைக் கோடு (தசை உரிந்து எலும்புக்கூடு தெரியும் இடம்), மெதுவாக ஏறுகிறது. வெள்ளைக்கு மேலே நல்ல தசையில் 1 செ.மீ. விட்டு வெட்டியது. வெள்ளையை ஒட்டியே வெட்டினால் உரிதல் தொடரும். தொட்டியின் மற்ற பவளங்களான மோன்டிபோராவுக்கும் யூஃபில்லியாவுக்கும் ஒன்றுமில்லை. அவை இவ்வளவு கூச்சப்படுவதில்லை.

17 மார்ச், ஞாயிறு

ஆல்கலினிட்டி 8.3. விடியற்காலை பிஎச் 7.75, மாலை 8.1. ஏசிக்காக ஜன்னலை மூடிய அடுக்குமாடி வீடு. இரவெல்லாம் நாம் விடும் மூச்சு, காற்றுக் குமிழியால் அழுக்கை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மர் வழியாகத் தண்ணீருக்குப் போகிறது. ஸ்கிம்மரின் காற்றுக்குழாயை நீட்டி ஜன்னலுக்கு வெளியே விட்டதில் விடியற்காலை 7.9. சோடாவின் பெரும்பங்கை இரவுக்கு மாற்றியதும் கொஞ்சம் உதவுகிறது. பிஎச்சைத் தூக்கவென்று தனியாக ஒரு திரவம் வாங்கி ஊற்றுவது வீண். அது ஆல்கலினிட்டியைத்தான் கூட்டும்.

24 மார்ச், ஞாயிறு

30 லிட்டர் தண்ணீர் மாற்றம். இரண்டு புட்டிகளும் சேர்ந்து மெல்ல மெல்லச் சாதா உப்பைக் கூட்டிக்கொண்டே போகும், ஆகவே இதைத் தள்ளிப்போட முடியாது.

இங்கே குழாய்த் தண்ணீரில் குளோராமின் இருக்கிறது. வடிகட்டியின் கரி அதை உடைத்தால் மிஞ்சுவது அம்மோனியா. ஆர்ஓ சவ்வு அதை முழுதாக நிறுத்தாது, கடைசியில் இருக்கும் டிஐ ரெசின்தான் (கரைந்த அயனிகளைப் பிடிக்கும் மணிகள்) பிடிக்கிறது. டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்துள்ளவற்றின் அளவு) 0-லிருந்து 1 ஆனதுமே ரெசினை மாற்றியாயிற்று.

31 மார்ச், ஞாயிறு

ஊருக்குப் போகும்போது ஒரு துண்டு எடுத்துப் போகலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. கல்பவளம் எல்லை தாண்ட சைட்டிஸ் (அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகம் குறித்த பன்னாட்டு ஒப்பந்தம்) அனுமதி வேண்டும். இந்தியாவில் 2001 முதல் கல்பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலிக்குப் பக்கத்தில். மன்னார் வளைகுடாக் கரையில் ஒதுங்கிய செத்த எலும்புக்கூட்டையும் எடுக்கக்கூடாது.

10 ஏப்ரல், புதன்

ஆறாம் குளியல். கடைசி மூன்றிலும் வாளி சுத்தம். துண்டு பெரிய தொட்டிக்கு, மணல் அருகே, பார் மீட்டரில் (பவளத்துக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் கருவி) 120 காட்டும் இடத்தில். மூன்று வாரத்தில் படிப்படியாக 250 வரை. எடுத்த எடுப்பில் உச்சியில் வைத்தால் வெளிறிவிடும். பக்கத்து யூஃபில்லியா இரவில் கொட்டும் இழையை நீட்டும், 15 செ.மீ. இடைவெளி.

16 ஏப்ரல், செவ்வாய்

உலகப் பவளங்களின் நான்காவது பெருவெளிறலை அமெரிக்காவின் கடல், வளிமண்டல நிறுவனமான நோவா நேற்று அறிவித்திருக்கிறது. கடலில் கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி, சில வாரம் நீடித்தால் போதும், பவளம் தன் தசையில் குடியிருக்கும் பாசியைத் துப்பிவிடும். தொட்டிக்கும் அதே விதிதான். இந்த ஊர் ஈரக்காற்றில் மின்விசிறி வைத்து ஆவியாக்கிக் குளிர்விப்பது அதிகம் எடுபடாது, தண்ணீரைக் குளிர்விக்கும் இயந்திரமான சில்லர்தான் வழி. அதன் முன்வலையில் படிந்த தூசியைத் தட்டியதும் 27.1-லிருந்து மாலைக்குள் 25.7.

ஆல்கலினிட்டி 8.3. ஞாயிறு முதல் ஞாயிறு வரை சோடாப் புட்டியில் இறங்கியது 780 மில்லி, கால்சியம் 785.