13 பந்துல ஃபிஃப்டி, 123 பந்துல ஃபிஃப்டி

2023 ஐபிஎல்ல ஈடன் கார்டன்ஸ்ல கொல்கத்தாவ 13 பந்துல ஃபிஃப்டி அடிச்சு பொளந்தானே ஜெய்ஸ்வால், அதே பையன் 2024 நவம்பர்ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா பெர்த் டெஸ்ட்ல ஃபிஃப்டிக்கு 123 பந்து எடுத்தான், எனக்கு என்னவோ இந்த ரெண்டாவதுதான் பெருசு. ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ்ல என்னாச்சு, ஆஸ்திரேலியா பவுலர் ஸ்டார்க் ஃபுல்லா வெளிய போட்ட பந்துக்கு உடம்ப விட்டு தள்ளி டிரைவ் போய் ஸ்லிப் பக்கத்துல 'கல்லி' பொசிஷன்ல நின்னவன்கிட்ட கேட்ச், 8 பந்துல டக் (ஜீரோ), டீமே 150க்கு காலி. அடுத்த இன்னிங்ஸ்ல அதே லெங்த்ல வந்த பந்த ஆடாம விட்டான் பாருங்க, விட்டான், விட்டுட்டே இருந்தான், உடம்புக்கு வர்றத மட்டும் ஆடுனான், அந்தப் பக்கம் கே.எல்.ராகுல் நங்கூரம் மாதிரி நிக்க பார்ட்னர்ஷிப் 201. நடுவுல ஸ்டார்க்கையே பந்து ஸ்லோவா வருதுன்னு கலாய்ச்சது தனி கதை 😂 அதுக்காக ஷாட்ட எல்லாம் மூட்ட கட்டி வச்சுடல, 95ல நிக்கும்போது ஹேசில்வுட் பவுன்சர சிக்ஸர் தூக்கிதான் ஹண்ட்ரடே வந்துச்சு. மொத்தம் 297 பந்துல 161.

டெஸ்ட்னா மொக்க போடணும்னு சொல்ற பெருசுங்களும் சரி, அடிக்கிறதுதான் எங்க ஸ்டைல்னு சொல்ற ஐபிஎல் பசங்களும் சரி, அடுத்து அந்த சீரிஸோட சிட்னி மேட்ச்ல நம்ம ரிஷப் பண்ட் ஆடுனத எடுத்துப் பாருங்க. ஃபர்ஸ்ட் இன்னிங்ஸ் கை, ஹெல்மெட்னு அடி வாங்கிட்டே 98 பந்துல 40, செகண்ட் இன்னிங்ஸ் 33 பந்துல 61. ஒரே ஆளு, ஒரே பிட்ச்சு!